ஒரே ஃபைபர்ல ஊர்ப்பட்ட கம்பெனி, நம்ம டேட்டா தனியா போவுதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல கம்பெனி விபிஎன் (பொது நெட்வொர்க்குள்ள ஒரு கம்பெனிக்குன்னு தனியா பிரிச்ச வழி) பத்தித்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் டேனரி, ஷூ கம்பெனி, கெமிக்கல் யூனிட்னு எல்லாரும் பிராஞ்சுங்கள ஒண்ணோட ஒண்ணு சேக்கறாங்க, லைன் விக்க வர்றவங்க எம்பிஎல்எஸ்னு (டேட்டாவ சின்னச் சின்ன பாக்கெட்டா, தலையில ஒரு நம்பர் லேபிள் ஒட்டி அனுப்பற முறை) ஒரு வார்த்தைய சொல்லி கையெழுத்து வாங்கிக்கினு போயிடறாங்க, வாங்கினவங்களுக்கு தான் என்ன வாங்கினோம்னே தெரியாம போயிடுது. அதனால மத்த கேள்விங்கள அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இந்த தடவ இது ஒண்ணையே எடுத்துக்கறேன்.

கேள்வி: சார், நான் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். ஆம்பூர்ல ஃபேக்டரி, வாணியம்பாடில டேனரி, சென்னை பெரியமேட்ல ஆபீஸ். மூணையும் சேத்து எம்பிஎல்எஸ் விபிஎன் போட்டுத் தர்றேன்னு ஒருத்தர் வந்தாரு, "இது ஃபுல் செக்யூர், யாராலயும் பாக்க முடியாது"ன்றாரு. முதலாளி என்னைய கேக்கறாரு, நான் இன்னா சொல்றது?
– வாசகர், ஆம்பூர்

பதில்: மத்த கம்பெனிக்காரங்க பாக்க முடியாது, அது சரி. ஆனா லைன் குடுக்கறவங்க நெனச்சா பாக்கலாம். முதலாளிகிட்ட இத அப்படியே சொல்லுங்க சார், ஏன்னா இந்த லைன் டேட்டாவ தனியா பிரிச்சு அனுப்புது, அவ்ளோதான், பூட்டி அனுப்பறதில்ல. என்க்ரிப்ஷன்ங்கற வேலையே இதுல கிடையாது.

எப்படின்னு கொஞ்சம் பொறுமையா பாருங்க. உங்க ஆம்பூர் ஃபேக்டரில ஒரு கம்ப்யூட்டரு 10.20.1.15, பெரியமேட்டு சர்வரு 10.10.1.5னு வச்சுக்குவோம். உங்க ஃபேக்டரில வச்சிருக்கிற ரவுட்டருக்கு சிஇன்னு பேரு, அது லைன் கம்பெனியோட ஓரத்து ரவுட்டருக்கு, அதாவது பிஇக்கு பாக்கெட்ட அனுப்புது. அந்த பிஇல உங்க வயர் சொருகி இருக்கிற போர்ட் உங்களுக்குன்னு இருக்கிற ஒரு தனி ரவுட்டிங் டேபிளோட கட்டி இருக்கும், அதத்தான் விஆர்எஃப்ன்றாங்க. ஒரே பிஇ டப்பாக்குள்ள உங்களுக்கு ஒண்ணு, பக்கத்து டேனரிக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கு ஒண்ணுன்னு வரிசையா டேபிள் இருக்கும், ஒண்ணுல இருக்கிற ரூட்டு இன்னொண்ணுக்கு தெரியாது. பிஇ உங்க டேபிள்ல தேடி, "10.10 சென்னை பிஇகிட்ட இருக்கு, அங்க அனுப்பணும்னா 52ன்ற லேபிள் ஒட்டு"ன்னு தெரிஞ்சுக்குது. உடனே பாக்கெட் தலையில 52ன்னு ஒரு லேபிள ஒட்டி, அதுக்கு மேல சென்னை பிஇ வரைக்கும் போறதுக்கு இன்னொரு லேபிள் ஒட்டுது, 3017ன்னு வச்சுக்கலாம். நடுவுல இருக்கிற பி ரவுட்டருங்க மேல இருக்கிற அந்த 3017ஐ மட்டும் பாத்து வேற நம்பரா மாத்தி மாத்தி தள்ளிவிடுங்க. உள்ள 52 இருக்கா, அதுக்கும் உள்ள யாரு அட்ரஸ் இருக்குன்னு எதுவும் பாக்காது, பாக்கவும் தேவையில்ல. சென்னை போறதுக்கு ஒரு ரவுட்டர் முன்னாடியே மேல் லேபிள உரிச்சிடுவாங்க, சென்னை பிஇ 52ஐ பாத்ததும் "இது ஆம்பூர் ஷூ கம்பெனி டேபிள்"னு புரிஞ்சிக்கினு அதையும் உரிச்சிட்டு பெரியமேட்டு ஆபீஸ் லைன்ல விட்டுடும்.

காட்பாடி ஜங்ஷன்ல ரயில் ஏத்தற தபால் மூட்ட மாதிரிதான், மூட்ட மேல தொங்கற சீட்டுல சென்னைன்னு இருந்தா போதும், உள்ள இருக்கிற லெட்டர் எந்தத் தெருவுக்குன்னு வழியில யாருக்கும் வேண்டியதில்ல. ஆனா மூட்டைய பிரிச்சா லெட்டர படிக்கலாம் இல்லையா, அதே கதைதான் இங்கயும். லைன் கம்பெனி ஆளு ஒரு போர்ட்ட மிரர் பண்ணா, அதாவது அதுல போறத காப்பி எடுத்தா, உங்க காஸ்டிங் ஷீட்டு, வெளிநாட்டு பையர் அனுப்பின டிசைன் எல்லாம் பச்சையா தெரியும். இன்னொண்ணும் நடக்க வாய்ப்பு இருக்கு, அங்க ஒரு இன்ஜினியர் கான்ஃபிகரேஷன்ல ஒரு நம்பர மாத்தி அடிச்சிட்டாருன்னா வேற கம்பெனி நெட்வொர்க்கு உங்களோட ஒட்டிக்கும், உங்க பக்கத்துல இருந்து பாத்தா அது சட்டுன்னு தெரியக்கூட தெரியாது.

இதுக்காக எம்பிஎல்எஸ் மோசம்னு நான் சொல்ல வரல. பழைய ஃப்ரேம் ரிலே, ஏடிஎம் (பேங்க் மெஷின் இல்ல, அப்போ இருந்த ஒரு வகை நெட்வொர்க்) லைனுங்க குடுத்த அளவு பிரிப்ப இதுவும் குடுக்குது, இன்டர்நெட்ல இருந்து யாரும் நேரா உள்ள வர முடியாது, அது பெரிய விஷயம். ஆனா அதுக்கு மேல உங்க சிஇ ரவுட்டர்ல இருந்து பெரியமேட்டு சிஇ வரைக்கும் ஐபிசெக் டனல், அதாவது டேட்டாவ பூட்டி அனுப்பற வழி ஒண்ணு போடுங்க, சாவி உங்க கையில இருக்கணும், லைன் கம்பெனி கையில இருக்கக் கூடாது. ரவுட்டரையே அவங்கதான் குடுத்து அவங்கதான் மேனேஜ் பண்றாங்கன்னா அதுல போட்டு பிரயோஜனம் இல்ல, பின்னாடி உங்களோட சொந்த ஃபயர்வால் ஒண்ணு வச்சு அதுல போடுங்க.

கேள்வி: எங்க டேனரில 192.168.1 சீரீஸ்தான் ஓடுது. பக்கத்து யூனிட்லயும் அதே நம்பர், அவங்களும் அதே கம்பெனிகிட்டதான் எம்பிஎல்எஸ் வாங்கி இருக்காங்க. ரெண்டும் கலந்துடாதா?
– வாசகர், மேல்விஷாரம்

பதில்: கலக்காது சார், பயப்பட வேணாம். 192.168, 10, 172.16ல இருந்து 172.31 வரைக்கும் இருக்கிற அட்ரஸ் எல்லாம் 1996லயே யாரு வேணா உள்ளுக்குள்ள வச்சுக்கலாம்னு ஒதுக்கினது, அதனால எல்லா ஊர்லயும் எல்லா கம்பெனிலயும் அதே நம்பருங்கதான் ஓடிக்கினு இருக்கு. இந்த விபிஎன்ன யோசிச்சவங்க, எரிக் ரோசனும் யாகோவ் ரெக்டரும், 1999 மார்ச்ல ஆர்எஃப்சி 2547ன்னு ஒரு இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணமா எழுதி வெளியிட்டாங்க, அப்புறம் 2006 பிப்ரவரில அதையே திருத்தி 4364ன்னு வந்துச்சு, இன்னிக்கி வரைக்கும் அதுதான் அடிப்படை. அதுல இதுக்கு வழி பண்ணிட்டாங்க. பிஇ ரவுட்டருங்க தங்களுக்குள்ள பிஜிபில (ரவுட்டருங்க ரூட்டு பகிர்ந்துக்கற முறை) ரூட்டு சொல்லிக்கும்போது உங்க 4 பைட் அட்ரஸ்க்கு முன்னாடி 8 பைட்ல ரூட் டிஸ்டிங்விஷர்னு ஒரு நம்பர சேத்து 12 பைட்டா அனுப்பும். உங்க 192.168.1ம் அவங்க 192.168.1ம் அப்போ வேற வேற ஆயிடுது.

நிறைய பசங்க இத ரூட் டார்கெட்டோட போட்டு குழப்பிக்கறாங்க, இன்ஜினியருங்களே குழப்பிக்கறாங்க. டிஸ்டிங்விஷர் ரெண்டு ரூட்டு மோதிக்காம பாத்துக்கும், அதோட அது வேலை முடிஞ்சுது. யாரு டேபிளுக்குள்ள எந்த ரூட்டு நுழையலாம்னு முடிவு பண்றது டார்கெட்டு. வெளிய அனுப்பும்போது ஒரு டார்கெட் ஒட்டி அனுப்புவாங்க, எந்த விஆர்எஃப் அந்த டார்கெட்ட இம்போர்ட் பண்ணுதோ அதுக்கு மட்டும் ரூட்டு போய் சேரும். இத வச்சு பிராஞ்சுங்க ஹெட் ஆபீஸ மட்டும் பாக்கணும், தங்களுக்குள்ள பாத்துக்கக் கூடாதுன்னாலும் செய்யலாம்.

ஆனா ஒரு விஷயம் சார், நாளைக்கி அந்த பக்கத்து யூனிட்டோட ஜாப் ஒர்க் எடுத்து ரெண்டு பேரும் ஒரு சர்வர பகிர்ந்துக்கலாம்னு வந்தீங்கன்னா டார்கெட்ட மாத்தினா மட்டும் போதாது, ஒரே நம்பர் ரெண்டு பக்கமும் இருக்கிறதால நாட் (வழியில அட்ரஸ வேற நம்பரா மாத்தறது) போட்டு அவதிப்படணும். அதனால அடுத்த பிராஞ்சு தொறக்கும்போதாவது 10ல ஒரு கணக்கு வச்சு நம்பர் குடுங்க, ரவுட்டர் வாங்கும்போது கூடவே வர்ற 192.168.1லயே விட்டுடாதீங்க.

கேள்வி: அண்ணா, நான் காட்பாடில இன்ஜினியரிங் ஃபைனல் இயர். ஐபி ரவுட்டிங்க விட லேபிள் ஸ்விட்சிங் ஸ்பீடுன்னு நோட்ஸ்ல இருக்கு, இன்டர்வியூல அதையே சொன்னேன், அவங்க ஒத்துக்கல. எது சரி?
– வாசகர், காட்பாடி

பதில்: கேட்டவங்க சொன்னதுதான் சரி தம்பி. உங்க நோட்ஸ்ல இருக்கிறது 90கள்ல நெசமா இருந்துச்சு. அப்போ ரவுட்டருங்க ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பெரிய டேபிள்ல எந்த ரூட்டு அதிகமா பொருந்துதுன்னு தேடறதுக்கு திணறும், லேபிள்னா நேரா அந்த நம்பர் வரிசைக்குப் போய் எடுத்துடலாம். அதனாலதான் 1996 வாக்குல இப்சிலான்னு ஒரு கம்பெனி ஐபி ஸ்விட்சிங்னு கொண்டாந்துச்சு, சிஸ்கோ டேக் ஸ்விட்சிங்னு, ஐபிஎம் ஏரிஸ்னு ஆளாளுக்கு ஒண்ணு. 1997ல எல்லாத்தையும் ஒரு பொது முறையா கொண்டார ஐஇடிஎஃப்ன்ற இன்டர்நெட் விதிமுறை அமைப்புல குழு போட்டாங்க, 2001 ஜனவரில ஆர்எஃப்சி 3031 வெளிய வர்றதுக்குள்ள ஐபி தேடுற வேலைய சிப்பே செய்ய ஆரம்பிச்சிடுச்சு. அதோட ஸ்பீடுன்ற காரணம் போச்சு.

அப்புறம் ஏன் இன்னும் இருக்குன்னா, நடு ரவுட்டருங்களுக்கு கஸ்டமர் ரூட்டு ஒண்ணும் தெரிய வேண்டியதில்ல, அதுதான் இதோட அழகு. இன்டர்நெட் முழு டேபிள் ஐபிவி4ல மட்டும் 9 லட்சத்துக்கு மேல, அது போக ஒவ்வொரு கம்பெனி ரூட்டும் இருக்கு. பி ரவுட்டர்ல இது எதுவும் இல்லாம பிஇங்க கிட்ட போறதுக்கு வழி மட்டும் தெரிஞ்சா போதும், புதுசா ஒரு கஸ்டமர் வந்தா நடுவுல எதையும் தொட வேண்டாம். கூடவே நெரிசல் இல்லாத பாதையா நாமளே பாத்து திருப்பி விடலாம், ஒரு லைன் அறுந்தா முன்னாடியே போட்டு வச்ச மாத்துப் பாதைல சட்டுன்னு திரும்பிடும்.

லேபிள் தலைப்பு 32 பிட், அதுல 20 பிட் லேபிளு, 3 பிட் டிராஃபிக் கிளாஸ், 1 பிட் "இதான் கடைசி லேபிள்"னு சொல்றது, 8 பிட் டிடிஎல், அதாவது ஒவ்வொரு ரவுட்டர தாண்டும்போதும் ஒண்ணு ஒண்ணா கொறையற கணக்கு. 20 பிட்டுன்னா 10,48,576 நம்பர், முதல் 16 ஒதுக்கி வச்சது. அதுல 3ம் நம்பர் கட்டாயம் கேப்பாங்க, "எனக்கு அனுப்பும்போது மேல் லேபிள நீயே உரிச்சிட்டு அனுப்பு"ன்னு பிஇ முந்தின ரவுட்டருக்கு சொல்றதுதான் அது, பாக்கெட்ல எப்பவும் தெரியாது. அப்படி உரிக்கலன்னா பிஇ ஒரே பாக்கெட்டுக்கு ரெண்டு தடவ தேடணும், அத மிச்சம் பண்றதுக்குத்தான். மனப்பாடம் பண்ணாம ரெண்டு பிஇ, ரெண்டு பி, நாலு சிஇ வச்சு லேப்டாப்லயே ஒரு லேப் போடுங்க தம்பி, ஒவ்வொரு ரவுட்டர்லயும் நின்னு லேபிள் மாறுறத கண்ணால பாருங்க, அதுக்கப்புறம் இன்டர்வியூல யாரு எப்படி திருப்பிக் கேட்டாலும் சொல்லிடுவீங்க.

கேள்வி: எங்களுக்கு புதுசா எம்பிஎல்எஸ் லைன் போட்டாங்க. பிங் (அந்தப் பக்கம் பதில் வருதான்னு பாக்கற சின்ன டெஸ்ட்) போவுது, மெயில் தொறக்குது, ஆனா ஈஆர்பில (கம்பெனி கணக்கு வழக்கு பாக்கற சாஃப்ட்வேர்) பெரிய பில் அட்டாச் பண்ணா சுத்திக்கினே நிக்குது. லைன் கம்பெனிக்கு போன் பண்ணா "எங்க பக்கம் லைன் நல்லா இருக்கு"ன்னு டிக்கெட்ட மூடிடறாங்க. பைத்தியம் புடிக்குது சார்.
– வாசகர், குடியாத்தம்

பதில்: நீங்க சொல்ற அறிகுறி அத்தனையும் எம்டியூ (லைன் தாங்கற பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) பக்கம்தான் கை காட்டுது. இந்த ஒரு தொல்லையால எத்தனையோ பேரு வாரக்கணக்குல அல்லாடறத பாத்திருக்கேன், அதனால இத விவரமாவே எழுதறேன்.

ஈதர்நெட்ல ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட். லைன் கம்பெனி ஒரு லேபிளுக்கு 4 பைட்னு ரெண்டு ஒட்டினா 1508 ஆயிடும். அவங்க நெட்வொர்க்ல எல்லா இடத்துலயும் இதுக்கு ஏத்த மாதிரி அளவு ஏத்தி வச்சிருக்கணும், வழியில ஒரே ஒரு ஸ்விட்ச்ல மறந்துட்டாங்கன்னா அது 1508ஐ சத்தமில்லாம தூக்கிப் போட்டுடும், தூக்கிப் போட்டேன்னு யாருக்கும் சொல்லாது. சின்ன பாக்கெட் எல்லாம் போவுது, அதனால பிங் நல்லா இருக்கு, மெயில் தொறக்குது. பெரிய ஃபைல் அனுப்பும்போது முழு அளவு பாக்கெட் போகும், அங்கதான் நிக்குது. அவங்க டெஸ்ட் பண்றதும் சின்ன பிங்லதான், அதனாலதான் லைன் நல்லா இருக்குன்றாங்க, அவங்க பொய் சொல்லல, சரியா பாக்கல.

நீங்களே கண்டுபிடிக்கலாம். விண்டோஸ்ல பிங் கமாண்டுல மைனஸ் எஃப் போடுங்க, அது பாக்கெட்ட உடைக்காதன்னு சொல்றது, அப்புறம் மைனஸ் எல் 1472 போட்டு ஹெட் ஆபீஸ் சர்வருக்கு அடிங்க. 1472ஓட பாக்கெட் தலைப்பு 28 பைட் சேந்து 1500. அது போகலன்னா 1464 போட்டு அடிங்க. 1472 நின்னு 1464 போச்சுன்னா குறையறது சரியா 8 பைட், ரெண்டு லேபிள் சைஸு. ஒரு எச்சரிக்கை, உங்க லைன் யூசர் நேம் பாஸ்வேர்ட் போட்டு ஏறுற பிபிபிஓஇ லைனா இருந்தா அதுவும் இதே 8 பைட்ட சாப்பிடும். வித்தியாசம் எப்படி தெரியும்னா, உங்க ரவுட்டரே காரணம்னா "பாக்கெட்ட உடைக்கணும் ஆனா உடைக்கக் கூடாதுன்னு இருக்கு"ன்ற மாதிரி பதில் வரும், லைன் கம்பெனி ஸ்விட்ச்ல விழுதுன்னா எந்த பதிலும் வராம டைம் அவுட் ஆவும்.

இந்த ரெண்டு ரிசல்ட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிக்கெட்ல போடுங்க, "ரெண்டு முனைக்கும் நடுவுல 1508 பைட் தாண்டல, எம்டியூ செக் பண்ணுங்க"ன்னு எழுதுங்க. இப்படி எழுதினா டிக்கெட் கஸ்டமர் கேர தாண்டி நெட்வொர்க் ஆளுங்க கைக்குப் போய் சேரும். அது வரைக்கும் வேலை நிக்காம இருக்க உங்க ரவுட்டர்ல டிசிபி எம்எஸ்எஸ்ஸ (ஒரு பாக்கெட்ல போற டேட்டாவோட அதிகபட்ச அளவு) 1452க்கு கொறைங்க, ஐபிசெக் டனலும் மேல ஓடுதுன்னா இன்னும் கொறைக்கணும். இது தற்காலிகம்தான், அவங்க சரி பண்ற வரைக்கும் விடாதீங்க.

கேள்வி: டிரேஸ் ரூட் (வழியில இருக்கிற ரவுட்டருங்கள வரிசையா காட்டற கமாண்டு) அடிச்சா சென்னைக்கு நாலே ஹாப்தான் காட்டுது. நெசமாவே நாலு ரவுட்டர்தானா?
– வாசகி, திருப்பத்தூர்

பதில்: இல்ல மேடம், நடுவுல எத்தனையோ இருக்கும். பிஇ உங்க பாக்கெட்டோட டிடிஎல்ல லேபிளுக்கு காப்பி பண்ணாம லேபிள்ல 255ன்னு போட்டு அனுப்பும்படி வச்சிருக்காங்க, நடு ரவுட்டருங்க லேபிள் டிடிஎல்ல மட்டும்தான் கொறைக்கும். டிடிஎல் எந்த ரவுட்டர்ல தீருதோ அதுதான் டிரேஸ் ரூட்ல தெரியும். அதனால உங்களுக்கு உங்க ரவுட்டரு, ரெண்டு பக்கத்து பிஇ, அந்தப் பக்கத்து ரவுட்டரு இவ்ளோதான் தெரியும். ஹாப் கம்மியா இருக்கேன்னு லைன் வேகம்னு எடுத்துக்காதீங்க, மில்லிசெகண்ட பாருங்க. ஃபைபர்ல ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட் ஆவும், 200 கிலோமீட்டருன்னாலே போய் வர 2 மில்லிசெகண்ட் வந்துடும், அதுக்கு மேல எவ்ளோ வருதோ அது சுத்துப் பாதையும் நெரிசலும்தான்.

கேள்வி: போன்ல போடற ஃப்ரீ விபிஎன் ஆப்பும் இதுவும் ஒண்ணா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: பேரு மட்டும்தான் ஒண்ணு. ஆப்பு உங்க போன்ல இருந்து அந்த ஆப் கம்பெனி சர்வர் வரைக்கும் பூட்டி அனுப்புது, அங்க போனதும் பூட்டத் தொறந்து இன்டர்நெட்ல விடுது, அதனால நீங்க எந்தெந்த சைட்டுக்கு போறீங்கன்னு உங்க நெட் கம்பெனிக்கு பதிலா அவங்க பாக்கறாங்க. 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவு, கஸ்டமர் விவரத்த 5 வருஷம் வச்சிருக்கணும்னு சொன்னது, இந்த மாதிரி பொதுமக்களுக்கு விக்கற விபிஎன்னுக்குத்தான், கம்பெனிங்க தங்களுக்குள்ள வச்சிருக்கிற விபிஎன்னுக்கு இல்லன்னு அப்புறம் விளக்கமும் குடுத்தாங்க. கம்பெனி வேலைக்கு ஃப்ரீ ஆப்ப தொடவே தொடாதீங்க.

கேள்வி: ஒரு லைன் போனா இன்னொண்ணு இருக்கட்டும்னு ரெண்டு வேற வேற கம்பெனிகிட்ட லைன் வாங்கினோம். ரோடு வேலைல ஜேசிபி தோண்டினப்போ ரெண்டும் ஒண்ணா படுத்துடுச்சு. இதுக்கா ரெண்டு பேருக்கும் பணம் கட்டறோம்? எம்பிஎல்எஸ்ஸே வேணாம், ரெண்டு பிராட்பேண்ட் போட்டு ஓட்டிக்கலாமா?
– வாசகர், அரக்கோணம்

பதில்: உங்க வயித்தெரிச்சல் புரியுது சார். பில்லுல கம்பெனி பேரு ரெண்டா இருந்தாலும் தரையில குழி ஒண்ணாதான் இருந்திருக்கு. ஹைவே ஓரமா எல்லாரும் ஒரே பக்கம்தான் ஃபைபர் பொதைக்கறாங்க, சில ஊர்ல கடைசி ரெண்டு மூணு கிலோமீட்டர ரெண்டு பேருமே மூணாவது ஆள்கிட்ட வாடகைக்கு எடுத்திருப்பாங்க. அதனால லைன் வாங்கறதுக்கு முன்னாடியே ரூட் மேப் கேளுங்க, உங்க கேட்டுல இருந்து அவங்க எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் ஃபைபர் எந்தப் பக்கம் போவுதுன்னு மேப்ல கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்க, அத அக்ரிமென்ட்ல சேருங்க. காட்ட மாட்டேன்றவங்க கிட்ட ரெண்டாவது லைன் வாங்காதீங்க. ஒண்ணு ஃபைபர்னா இன்னொண்ணு ரேடியோவா, 4ஜியா இருக்கட்டும், ஜேசிபிக்கு எட்டாதது.

அதோட லைன் அறுந்தத ரவுட்டர் எவ்ளோ நேரத்துல கண்டுபிடிக்குதுன்னும் பாருங்க. நெறைய ரவுட்டர்ல பிஜிபி ஹோல்ட் டைம் 180 செகண்ட்னு இருக்கும், அதாவது நடுவுல ஸ்விட்ச் இருந்து உங்க போர்ட் டவுன் ஆகலன்னா மூணு நிமிஷம் டேட்டா அறுந்த லைனுக்கே போய் விழும். பிஎஃப்டி (லைன் உயிரோட இருக்கான்னு ரவுட்டருங்க அடிக்கடி சோதிச்சுக்கறது) போடச் சொல்லுங்க, ஒரு செகண்டுக்குள்ள தெரிஞ்சிடும்.

பிராட்பேண்ட் கேட்டீங்களே, மூணு நாலு பிராஞ்சு, ஈஆர்பியும் மெயிலும் மட்டும்னா ரெண்டு பிராட்பேண்ட் மேல ஐபிசெக் போட்டு ஓட்டறது போதும்னு நான் வெளிப்படையாவே சொல்வேன், காசும் மிச்சம், என்க்ரிப்ஷனும் கெடைக்குது. ஆனா பிராஞ்சுங்களுக்குள்ள போன் கால், மெஷின் கன்ட்ரோல்னு தடங்கல் ஆகவே கூடாத வேலை இருந்தா லேபிள்ல இருக்கிற அந்த 3 பிட்ட வச்சு குரலுக்கு முன்னுரிமை குடுக்கறதெல்லாம் பிராட்பேண்ட்ல கெடைக்காது, வீட்ல சீரியல் பாக்கறவங்களோட சேந்துதான் உங்க காலும் போவும். அப்படின்னா ஒரு எம்பிஎல்எஸ், ஒரு பிராட்பேண்டுன்னு கலந்து வச்சுக்கங்க.

கேள்வி: ரெண்டு பிராஞ்சுலயும் பிஜிபி ஓடுது, ரெண்டுக்கும் ஏஎஸ் நம்பர் (பிஜிபில ஒரு நெட்வொர்க்கோட அடையாள நம்பர்) 65010. ஹெட் ஆபீஸ் ரூட்டு வருது, ஆனா ஒரு பிராஞ்சு ரூட்டு இன்னொரு பிராஞ்சுக்கு வரவே இல்ல. லைன் கம்பெனி அனுப்பறோம்னு லாக் காட்டறாங்க.
– நெட்வொர்க் வேலை பாக்கற வாசகர், சத்துவாச்சாரி

பதில்: அவங்க அனுப்பறதும் நெசம், உங்க ரவுட்டர் தூக்கிப் போடறதும் நெசம். வர்ற ரூட்டோட ஏஎஸ் பாதைல தன்னோட நம்பரே இருந்தா அது சுத்தி வந்த ரூட்டுன்னு நெனச்சு பிஜிபி ஏத்துக்காது, லூப் ஆகாம இருக்கிறதுக்கு அதுல இருக்கிற அடிப்படை காவலே அதுதான். ஹெட் ஆபீஸ் நம்பர் வேறயா இருக்கும், அதனால அது வருது. லைன் கம்பெனிகிட்ட பிஇல ஏஎஸ் ஓவர்ரைடு போடச் சொல்லுங்க, உங்க 65010ஐ எடுத்துட்டு அவங்க நம்பர போட்டு அனுப்புவாங்க. அவங்க ஒத்துக்கலன்னா உங்க ரவுட்டர்ல அலவ் ஏஎஸ் இன் போடலாம், ஆனா அது காவல தளர்த்தறது, எத்தனை தடவ வரலாம்னு 1க்கு மேல குடுக்காதீங்க. இல்லன்னா 64512ல இருந்து 65534 வரைக்கும் சொந்த உபயோகத்துக்கு நம்பர் கெடக்கு, பிராஞ்சுக்கு ஒண்ணா குடுத்துடுங்க, புதுசா போடறவங்களுக்கு நான் இதத்தான் சொல்வேன். ஏற்கனவே ஓடற நெட்வொர்க்குன்னா ஓவர்ரைடே சுலபம், ஆனா எதாவது ஒரு பிராஞ்சுக்கு ரெண்டு பிஇல இருந்து லைன் வருதுன்னா சைட் ஆஃப் ஆரிஜினும் (ரூட்டு எந்த சைட்ல இருந்து கெளம்புச்சுன்னு காட்டற குறி) சேத்து போடச் சொல்லணும், ஏன்னா ஓவர்ரைடு போட்டதும் அந்தக் காவல் போயிடும், ஒரு லைன்ல வெளிய போன உங்க ரூட்டு அடுத்த லைன் வழியா உங்களுக்கே திரும்பி வந்து லூப் ஆவும்.